உப்புக் காற்று – 19: அரை மில்லிமீற்றர்

படகு எஞ்சினை உப்பு தின்ற கதையோடு சென்ற வாரம் நிறுத்தினேன். லொறி ஏசியின் கிளட்சைக் கழற்றி மாற்றுவதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் வருகிறேன்.

இருபது வயதைத் தாண்டிய ஜப்பான் லொறி அது, இரண்டு தொன். மாலையில் கற்பிட்டியில் மீன் ஏற்றி, விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டிகளோடு பகலில் திரும்பும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தபோது வரியும் விலையும் சேர்ந்து புது லொறியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே இதே லொறிதான். "காலையில நல்லாக் குளிருது சேர். சிலாபம் தாண்டினா விட்டுவிட்டு வரும். பாலாவி தாண்டினா சுத்தமா இல்ல" என்றார் ஓட்டும் தம்பி.

இரவு முழுக்கக் கண் விழித்த மனிதர் அவர். திரும்பி வரும் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரில் அவருடைய கண்ணை மூடவிடாமல் வைத்திருப்பது அந்தக் குளிர்காற்றுதான். இதை வசதி என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் மத்தியானம் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு தடவை காஸ் பிடித்தும் பயனில்லை. இனி கம்பிரசரையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகக் காசு புரட்டிக்கொண்டிருந்தார்.

பாலாவியில் இருந்து நானும் ஏறிக்கொண்டேன். நுரைச்சோலை தாண்டியதும் கழுதைகள் நடு ரோட்டில். இந்தப் பக்கத்தாருக்குப் பழகிய காட்சி. அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்த இனம் என்பார்கள். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் அசைக்கும். எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்றோம். ஓட்டத்தில் ரேடியேட்டருக்கு வரும் காற்று நின்றது, பொனட்டுக்குள் சூடு ஏறியது. மூன்றாவது நிமிடம் "டக்" என்று ஒரு சத்தம். அதோடு குளிர் போயிற்று.

அந்த "டக்" கிளட்சினுடையது. எஞ்சின் ஓடும்வரை பெல்ட் புல்லியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பிரசரின் தண்டு சும்மா நிற்கும். புல்லியின் முகத்துக்கு எதிரே தண்டோடு பிணைந்த இரும்புத் தட்டு ஒன்று. புல்லிக்குப் பின்னால் அசையாத செம்புக் கொயில். சுவிட்சைப் போட்டால் கொயில் காந்தமாகும், தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டும், தண்டு சுற்றும், குளிர் வரும். விட்டால் தட்டு பின்வாங்கும். இடையில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான்.

இந்தத் தட்டு இல்லாத காலம் ஒன்று இருந்தது. இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி அது. அமெரிக்காவில் பக்கார்ட் கொம்பனி 1940 மாடலில் காருக்கு ஏசி வைத்தது. குளிரூட்டும் பகுதி பின் இருக்கைக்குப் பின்னால், டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு. கம்பிரசர் முன்னால், பெல்ட்டில். கிளட்ச் கிடையாது! எஞ்சின் ஓடினால் கம்பிரசரும் ஓடியே ஆக வேண்டும். குளிர் போதும் என்றால் காற்றாடியை நிறுத்தலாம், அவ்வளவுதான். கம்பிரசரையே நிறுத்த வேண்டுமென்றால் காரை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பொனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். மழை வந்தால் கழற்று, வெயில் வந்தால் மாட்டு. அந்தக் காரின் சொந்தக்காரரை நான் நினைத்துப் பார்க்கிறேன்: நல்ல உடுப்போடு சாலையோரம் குனிந்து, கையெல்லாம் எண்ணெயும் கரியுமாக. வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர் 1825இலேயே இரும்பில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்து காட்டிவிட்டார். 7 அவுன்ஸ் இரும்பு 9 இறாத்தல் எடையைத் தூக்கியது. இருந்தும் அந்தக் காந்தத்தைப் பெல்ட்டுக்கும் கம்பிரசருக்கும் நடுவில் வைக்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

லொறி போய் நின்ற கராஜுக்கு வருவோம். இலங்கையில் மெக்கானிக்கைப் பாஸ் என்கிறோமே, அது டச்சுச் சொல். 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் விட்டுப்போனது. எங்கள் பாஸ் காஸ் பக்கமே போகவில்லை. முதலில் கேஜை மாட்டிப் பார்த்தார்: நிற்கும் நிலையில் நூறு இறாத்தலுக்கு மேல் அமுக்கம். முப்பது இறாத்தலுக்குக் கீழே இறங்கினால்தான் அமுக்கச் சுவிட்ச் கிளட்சை வெட்டும். "காஸ் இருக்கு" என்றார். அடுத்தது கொயிலுக்குப் போகும் வயர். மீற்றரில் 23.1 வோல்ட். பியூஸ், ரிலே, சுவிட்ச் எல்லாம் தாண்டி மின்சாரம் வந்து நிற்கிறது, தட்டு மட்டும் அசையவில்லை. ஒரு நீளமான மரக் கைப்பிடியை எடுத்து, ஓடும் பெல்ட்டுக்கு எட்ட நின்று, தட்டின் நடுவில் மெல்லத் தள்ளினார். டக்! ஒட்டிக்கொண்டது. குளிர் வந்தது. கைப்பிடியை எடுத்த பிறகும் விடவில்லை.

"காந்தம் சாகல்ல தம்பி, அதுக்குக் கை எட்டல்ல" என்றார் பாஸ்.

எட்டாததற்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவது, தேய்மானம். ஃபீலர் கேஜை நுழைத்தபோது இடைவெளி 0.9. காந்தத்தின் பிடி இடைவெளிக்கு ஏற்ப மெல்லக் குறைவதில்லை. இடைவெளி இரட்டித்தால் இழுப்பு ஏறத்தாழக் கால்வாசிக்கு விழும். ஒட்டிவிட்டால் இடைவெளியே இல்லை. அதனால்தான் ஒரு தடவை தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, செம்பு. சூடு ஏறினால் அதன் தடை பாகைக்கு 0.4 சதவீத அளவில் கூடும். காலையில் கனெக்டரைக் கழற்றி அளந்தபோது கொயில் 14.2 ஓம். சூட்டில் 17.6. மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறையும், இழுப்பு அதன் வர்க்கத்தில் குறையும். காலையில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்தியானம் போய்விடுகிறது. காலையில் குளிர்ந்து பகலில் நின்றதற்கு விடை இதில் இருக்கிறது.

மூன்றாவதுதான் என்னுடைய ஆள். பெட்டரியில் 27.4 வோல்ட் இருக்க, கொயிலுக்கு 23.1தான் வருகிறது. நான்கு வோல்ட் எங்கே போயிற்று? கனெக்டரைத் திறந்தோம். பச்சை. விரலால் தொட்டால் ஈரம், நடுப்பகல் வெயிலிலும் ஈரம். சுத்தமான சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் காற்று அவ்வளவு காய்வது எந்த நாள்? பாலாவி உப்பளக்காரர்கள் வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாமல் குவித்து வைப்பது, இந்தக் கசப்பு நீர் வடிந்து போகட்டும் என்றுதான். லொறியின் கனெக்டரில் அதை வடியவிட ஆள் இல்லை. கடல் காற்றில் வந்து படிந்தது, படிந்தபடியே நனைந்து, செம்பைத் தின்று, வோல்ட்டைத் தின்கிறது.

சூடும் உப்பும் சேர்ந்தே இழுப்பைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டன. அதற்கு மேலே 0.9 மில்லிமீற்றர். இதில் கம்பிரசரின் குற்றம் என்ன? மாற்றியிருந்தால் புதுக் கம்பிரசரும் அதே பச்சைக் கனெக்டரில்தான் மாட்டப்பட்டிருக்கும். ஒன்றை வாசகர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்: கிளட்ச் முழுக்கக் கம்பிரசருக்கு வெளியே இருக்கிறது. அதைக் கழற்றவோ மாற்றவோ காஸை வெளியே விடத் தேவையில்லை.

கனெக்டரை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டார்கள். எஞ்சினை அணைத்து, தட்டின் நடு போல்ட்டைக் கழற்றி, தட்டை இழுத்து எடுத்தார் பாஸ். தண்டின் நுனியில் மோதிரம் போல மூன்று மெல்லிய வாஷர்கள். இரண்டை எடுத்தார், கூட்டினால் 0.4. தட்டை மாட்டி, சுற்றிலும் மூன்று இடத்தில் அளந்தார். அரை மில்லிமீற்றர். பின்னேரம் வரை எஞ்சினை ஓடவிட்டோம். விடவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஏசியை நிறுத்தினாலும் புல்லியில் ஒரு இரைச்சல் இருக்கிறது, பெயாரிங் போகிறது. தட்டின் முகத்திலும் வழுக்கிச் சூடேறிய நீலத் தழும்பு. முழுக் கிளட்சையும் மாற்றுவதே நல்லது என்று பாஸ் சொன்னார், சரிதான். வாங்கும்போது இது 24 வோல்ட் லொறி என்பதை மறக்கக் கூடாது. காரின் 12 வோல்ட் கொயிலை இதில் போட்டால் நான்கு மடங்கு சூடு, சீக்கிரமே கருகும். சரியான சாமான் மறுநாள் கொழும்பில் இருந்து வந்தது. தட்டு உடனே கழன்றது. புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் கழலவில்லை. அது உட்கார்ந்திருக்கும் பள்ளம் துருவால் நிரம்பி, எது கிளிப் எது துரு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை பிளையரின் மூக்கு வழுக்கியது. "பலம் போட்டா தண்டுல கீறல் விழும், விடுங்க" என்று சொல்லி, பாஸ் எண்ணெய் ஊற்றி, மேலே ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

தம்பி அன்றிரவுக்கு மச்சானின் லொறியைக் கேட்டு வாங்கிப் போனார். கழற்றிய இரண்டு வாஷர்களும் அவர் சட்டைப் பையில். சர்க்கிளிப் இதை எழுதும்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது. புல்லியும் கொயிலும் அடுத்த வாரம்.