பூர்வீகம் தேடி - 7: பதிவேட்டில் இல்லாத பாட்டனார்

சிங்கப்பூரின் காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்துடன் விளங்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932-ஆம் ஆண்டில் குவீன்ஸ்வே அருகே ரயில்பாதையோரத்தில் தொழிலாளர்கள் எழுப்பிய எளிய வழிபாட்டிடமாகத் தோன்றிய சரித்திரத்தைச் சென்ற வாரம் கண்டோம். அத்தகைய உழைப்பாளிக் குடும்பங்களில் பிறந்து, குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த இளைஞர்கள், எங்கள் பாட்டனார் எந்தக் கிராமத்திலிருந்து கப்பல் ஏறினார், அதற்கு ஏதேனும் பதிவேடு உண்டா என்று கேட்கும்போது, நேரான பதில் சொல்வது எளிதாக இல்லை.

கடல் கடந்த தமிழரில் ஒரு சாராருக்கு அந்தப் பதிவேடு இருக்கிறது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரையில், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற ஒரு லட்சத்து ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு எண் அளிக்கப்பட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் ஆகிய விவரங்கள் கப்பல்வாரியாக எழுதிவைக்கப்பட்டன. குடும்பத்தின் பழைய விவாகப் பத்திரத்திலோ மரணப் பத்திரத்திலோ அந்த எண் கிடைத்துவிடுமானால், அதைப் பற்றிக்கொண்டு வட ஆற்காடு ஜில்லாவின் ஒரு சிற்றூர்வரை சந்ததியார் வந்து சேர்வதும் சாத்தியமாகிறது. மொரீஷியஸ் தீவிலோ, மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படும் குடியேற்ற ஆவணங்களுள், வந்திறங்கியவர்களின் புகைப்படங்களும் உள்ளன. கொள்ளுப்பாட்டியின் முகத்தையே காணும் பாக்கியம் அங்குள்ளோர் சிலருக்கு வாய்க்கிறது.

ஆயினும் இப்பதிவேடுகளை வேதவாக்காகக் கொள்வது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அவை நம் வம்சத்தைப் போற்றுவதற்காக எழுதப்பட்டவை அல்ல; கூலியாளை எண்ணிக் கணக்கில் வைப்பதற்காக, தமிழ் அறியாத குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியவை. ஆகவே ஒரே முனியாண்டி பல எழுத்துக்கூட்டில் தோன்றுவான். ஜாதி என்ற கட்டத்திலோ, சொன்னவரின் அச்சமும் எழுதியவரின் அவசரமும் கலந்திருக்கும்.

இவ்விஷயத்தில் அமெரிக்காவின் செரோக்கி ஆதிகுடியினருடைய அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படும். அவர்களுடைய பொது நிலத்தைத் தனித்தனியாகப் பங்கிடும் நோக்கத்துடன், டாவ்ஸ் ஆணையம் 1898 முதல் 1907 வரை செரோக்கி உள்ளிட்ட ஐந்து ஆதிகுடிகளுக்கும் தயாரித்த பெயரேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். இன்று ஓக்லஹோமாவிலுள்ள செரோக்கி தேசத்தின் குடிமகனாக விரும்புகிறவர், அவ்வேட்டிலுள்ள முன்னோர் ஒருவரின் நேர்வழிச் சந்ததி என்று நிரூபித்தாகவேண்டும். ஆனால், நிலப்பங்கீட்டையே எதிர்த்துப் பெயர் கொடுக்க மறுத்த ரெட்பேர்டு ஸ்மித் 1902-இல் சிறைப்படுத்தப்பட்டார். அக்குடியினரிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தனிப் பட்டியலில் ஒதுக்கப்பட்டு, அவர்களுடைய சந்ததியார் தங்கள் குடியுரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏட்டில் பெயர் இல்லாததனாலேயே ஒருவர் அந்தக் குலத்தவர் அல்லர் என்று சொல்லிவிட முடியாது.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களின் நிலை வேறு. ஒப்பந்தக் கூலிமுறை இங்கு 1910-இல் முடிவுற்றது. அதற்கு முன்பிருந்தே வேரூன்றியிருந்த கங்காணி முறையில், கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று உற்றார் உறவினரைத் திரட்டிவந்தான். துறைமுகம், ரயில், நகரசபை வேலைகளுக்கு வந்தவர்களில் பலரோ, தாமே சீட்டு வாங்கி வந்த பிரயாணிகள். நேட்டாலைப்போல் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பிறந்த ஊர்வரை போகும் வழி இவர்களுடைய சந்ததியாருக்கு இல்லை.

ஆனால் வேறு வழிகள் உண்டு. கங்காணி ஆள் திரட்டிய விதத்தினாலேயே, ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அண்டை ஊர்க்காரர்களாக இருப்பதற்கு இடமுண்டு; ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால் மற்றதை ஊகிக்கலாம். 1948-இல் இங்கு தொடங்கிய அடையாள அட்டைகள், ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதுகள், அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தின் பத்திரம் ஆகியவை பெட்டியடியில் கிடந்தால், அவற்றுள் ஒரு தாலுகாவின் பெயராவது அகப்படும். பத்திரம் கிடைத்தவர்கள், அதைப் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச்செய்து அடுத்த அடி வைக்கலாம். இவை அனைத்திலும் மேலானதாக நான் கருதுவது குலதெய்வத்தின் பெயர். தெருப்பெயர் மறந்துபோன மூதாட்டிகூட, பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்த எந்தக் கோயிலுக்குப் போவார்கள் என்பதை மறப்பதில்லை. அக்கோயிலைச் சுற்றியுள்ள பங்காளிகளின் நினைவில் உங்கள் பாட்டனார் இன்னும் இருக்கக்கூடும்.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்துவருகிறது. உங்கள் வீட்டு முதியவரை அவர்கள் வந்து காணும்வரை தாமதிக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியின் அருகில் அமர்ந்து, ஊர், தாலுகா, குலதெய்வம், ஏறிவந்த கப்பல், உடன் வந்தவர்கள் ஆகிய விவரங்களை அவர் சொல்லுகிற உச்சரிப்பிலேயே தமிழில் எழுதி, தேதியிட்டு வையுங்கள்.