ஆளுமையை அளத்தலும் ஆசான் வழியும்

பள்ளியை விட்டு நீங்கும் மாணவனின் நற்சான்றுப் பத்திரத்தில் ஆசிரியர் எழுதும் ஒரு சொல் அவனோடு நெடுந்தூரம் செல்கின்றது. 'அடக்கமானவன்' என்றோ 'முரடன்' என்றோ எழுத ஒரு விநாடி போதும். அதைச் சுமப்பவனுக்கோ ஓர் ஆயுள் வேண்டும். புளியந்தீவிலே வில்லியம் ஓல்ற் பாதிரியார் 1814ஆம் ஆண்டு பாடசாலை தொடங்கிய நாள்முதல் இத்தகைய சொற்கள் எத்தனை எழுதப்பட்டிருக்கும்! அவை எவ்வளவு தூரம் உண்மை? இவ்வினாவிலிருந்து பிறந்ததே ஆளுமை அளவீடு என்னும் உளவியற் பிரிவு.

படைச் சேவையை விடுத்து, ஜேர்மனியில் வுண்ட் என்பாரிடம் உளவியல் கற்றவர் சார்ள்ஸ் ஸ்பியர்மன். ஒரு பாடத்தில் சிறந்தவர் ஏனைய பாடங்களிலும் பெரும்பாலும் முன்னிற்பதைக் கணக்கிட்டு, அவற்றுக்கு அடிப்படையாய்ப் பொது ஆற்றல் ஒன்று உண்டென 1904இல் அவர் எடுத்துரைத்தார். பல அளவுகளின் பின்னே மறைந்து நிற்கும் சில காரணிகளைக் கணித்தறியும் இம்முறையே காரணிப் பகுப்பாய்வாக வளர்ந்தது. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பலரைப் பயிற்றினார்.

அவர்களுள் ஒருவரான றேமண்ட் கட்டெல், ஆசான் அறிவுத்திறனுக்கு ஆண்ட முறையை ஆளுமைக்குத் திருப்பினார். மனிதரை வேறுபடுத்திக் காட்டும் ஏறத்தாழ 18,000 ஆங்கிலச் சொற்களை ஓல்போட், ஒட்பேட் என்னும் இருவர் 1936இல் திரட்டியிருந்தனர். அத்தொகுதியைச் சுருக்கியும் தொகுத்தும் ஆராய்ந்த கட்டெல், 16 காரணிகளைக் கொண்ட வினாக்கொத்தை 1949இல் வெளியிட்டார்.

மற்றொரு மாணவர் எம். வி. கோபாலசுவாமி. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர் அவர். 1935இல் தம் இல்லத்திலேயே சிறு வானொலி நிலையம் அமைத்தவரும் அவரே. அதற்கு இடப்பட்ட 'ஆகாசவாணி' என்னும் பெயரைப் பிற்காலத்தில் இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. ஆசானின் முறையை ஒருவர் புதிய பொருளுக்குக் கொண்டுசென்றார். மற்றவர் அவ்வியலைப் புதிய மண்ணில் ஊன்றினார்.

மண் மாறும்போது அளவுகோலும் சரிபார்க்கப்படல் வேண்டும். 'பெரியோர் முன்னிலையில் பேசத் தயங்குவாயா?' என்னும் வினாவுக்கு இலண்டன் பிள்ளை 'ஆம்' என்றால், அது கூச்சமாகலாம். புளியந்தீவுப் பிள்ளையின் 'ஆம்' வெறும் மரியாதையாகவும் இருக்கலாம். ஆகவே, இம்மண்ணின் பிள்ளைகள் பலரிடம் வினாவிப் பெற்ற விடைகளோடு ஒப்பிட்டே ஒரு பிள்ளையின் விடைக்குப் பொருள் காண வேண்டும். அப்பொழுதும் ஒரு வினாத்தாளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. பிள்ளையின் நடத்தையையும் வீட்டுச் சூழலையும் உடன்வைத்து நோக்குதல் முறை. வினாத்தாளை விலைக்கு வாங்கலாம். இந்த நிதானத்தை ஆசானிடமே பழக வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்க விழைவோர், நிலவிரவிலே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைச் செவியிலும் வைப்பர். துடுப்பு எவர் கையிலும் உண்டு. அசையாது காத்திருக்கப் பழக்குவதற்கு மூத்தவர் ஒருவர் வேண்டும். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் எழுதுமுன் அவ்வாறு காத்திருக்க இளம் ஆசிரியரைப் பழக்குவோர், அந்த ஆசான்களுக்கு உரிய நன்றியைச் செலுத்தியவராவர்.