நெஞ்சில் கை, கையில் முத்துமாலை

அமெரிக்க அரசியல் செய்திகளைப் படிக்கிறவர்கள் கண்ணில் 'பேர்ல் கிளட்சிங்' என்ற தொடர் அடிக்கடி படும். முத்தைப் பற்றிக்கொள்வது என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. காட்சியாகப் பார்க்க வேண்டும். வசதியான வீட்டு அம்மாள், கழுத்தில் முத்துமாலை. விருந்தில் யாரோ கொஞ்சம் பச்சையாகப் பேசிவிடுகிறார். அம்மாளின் கை விருட்டென்று கழுத்துக்குப் போய் மாலையை இறுக்கிப் பிடிக்கிறது. "ஐயையோ, இதையெல்லாம் காதால் கேட்கும்படி ஆகிவிட்டதே!"

'நான் முத்தைப் பற்றினேன்' என்று யாரும் தன்னைப் பற்றி விளையாட்டுக்குத் தவிரச் சொல்வதில்லை. எப்போதும் அடுத்தவரைக் குத்துகிற சொல் இது. குத்தில் இரண்டு முனை: ஒன்று, நடந்தது கையளவு, நீ காட்டுகிற அதிர்ச்சி மலையளவு. மற்றது, அந்த அதிர்ச்சியும் நிஜமில்லை. 1942இல் வந்த 'காசாபிளாங்கா' படத்தில் முத்துமாலை இல்லாமலே இதைப் பார்க்கலாம். இங்கே சூதாட்டம் நடக்கிறதா என்று திடுக்கிட்டுப்போய் விடுதியை மூடச் சொல்கிறார் போலீஸ் அதிகாரி. அதே நொடியில் ஊழியர் ஒருவர் வந்து, சூதில் அவர் ஜெயித்த பணத்தை நீட்டுகிறார். அதிகாரி நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்!

வேறு நகை இருக்க முத்து ஏன்? அமெரிக்காவில் முத்துமாலை என்றால் அடக்கம், குடும்பப் பெருமை, பரம்பரைப் பணம். (அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் பேர்போன மூன்று சர மாலை போலி முத்து. 1996 ஏலத்தில் அதற்கே 2,11,500 டாலர் கொடுத்தார்கள்.) இந்தத் தொடரைக் கேலியாக ஊரெல்லாம் பரப்பியதில் 1990இல் தொடங்கிய 'இன் லிவிங் கலர்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழில் எப்படிச் சொல்வது? மூக்கின்மேல் விரல் வைப்பது சரிவராது, அது வியப்பு. வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பதில் அளவு சரி, பாசாங்கு இல்லை. 'சும்மா பொங்காதே' என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்களே, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மிகையும் நடிப்பும் சேர்ந்தே அதில் வந்துவிடுகின்றன.

ஒரு சங்கடமும் உண்டு. நியாயமான ஆத்திரத்தையும் இந்தச் சொல்லால் வாயடைக்கலாம். கூட்டத்தில் ஒரு கீழ்த்தரமான ஜோக்கைக் கேட்டு ஒருத்தி முகம் சுளிக்கிறாள். 'முத்தைப் பிடிக்காதே' என்று சொல்லிவிட்டால் போதும், ஜோக் அடித்தவரை விட்டுவிட்டு எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். இத்தனைக்கும் பொய்க் கோபம் காட்டுவதில் ஆண்கள் ஒன்றும் சளைத்தவர்களல்ல, காசாபிளாங்கா அதிகாரியே சாட்சி. ஆனால் அப்படிப்பட்ட அமைச்சரையோ எம்பியையோ கேலி செய்யும்போதும், அவர் கட்டியிருக்கும் டையை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் மாலையைத்தான் அவர் கழுத்தில் மாட்டுகிறார்கள்.