கொள்ளைநோயும் நாட்டு வளமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது பழமொழி. தனி மனிதனுக்குக் கூறப்பட்ட இம்மொழி நாட்டிற்கும் பொருந்தும். ஓரிடத்தில் தோன்றி உலகெங்கும் பரவும் கொள்ளைநோய் உயிர்களைக் கவர்வதோடு அமைவதில்லை. உழைப்பையும் வாணிகத்தையும் கல்வியையும் நிலைகுலையச் செய்கிறது. செல்வம் மிக்க நாடுகள் சேமித்த பொருளாலும் எளிதிற் கிடைக்கும் கடனாலும் இவ்விடரைத் தாங்கிக்கொள்கின்றன. வளர்ந்துவரும் நாடுகளுக்கு அத்துணை வலிமை இல்லை. வங்காளதேசம் பட்ட இன்னல் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

வங்காளதேசம் ஆயத்த ஆடைகளை ஏற்றுமதி செய்யும் நாடு. அதன் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் இத்தொழிலால் வருவதாகும். ஏறத்தாழ 40 இலட்சம் தொழிலாளர் இதில் ஈடுபட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சிற்றூர்களிலிருந்து டாக்கா முதலிய நகரங்களுக்கு வந்து உழைக்கும் அவர்களது ஊதியத்தை நம்பி ஊரில் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் அந்நாட்டிற் கண்டறியப்பட்டது. நோய் மிகுதியாகப் பரவுமுன்னரே அதன் வாணிகம் நலிந்தது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது? நோய்க்கு அஞ்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துணிக்கடைகள் மூடப்பட்டன. விற்பனை நின்றதும், அந்நாட்டு வணிகர்கள் தாம் தைக்கச் சொல்லியிருந்த ஆடைகளை வேண்டா என்றனர். 300 கோடி டாலருக்கு மேற்பட்ட வாணிகம் இவ்வாறு நீக்கப்பட்டது அல்லது நிறுத்திவைக்கப்பட்டது என ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்கிட்டது. தைத்து முடித்த ஆடைகளுக்கும் சிலர் பணம் தர மறுத்தனர். பின்னர் உள்நாட்டுத் தொழிற்சாலைகளும் நோய்க்காக மூடப்பட்டன. 2019 ஏப்ரலில் 242 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி, 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 37 கோடி டாலராக வீழ்ந்தது.

தொழிற்சாலை மூடப்பட்டால் ஊதியம் நின்றுவிடும். ஊதியம் நின்றால் வீட்டு வாடகையும் மளிகைக் கடைக்காரரின் வருவாயும் நின்றுவிடும். ஊருக்குப் பணம் செல்லாது; அங்குள்ளோரும் வாங்கும் ஆற்றலை இழப்பர். தையல் எந்திரத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று இத்தொழிலை நடத்த இயலாதன்றோ? இதனை உணர்ந்த அரசாங்கம், ஏற்றுமதித் தொழிலாளரின் ஊதியத்திற்கென 5,000 கோடி டாக்கா கடனுதவி அளித்தது. அயல்நாடுகளில் உழைக்கும் மக்களும் தம் இல்லங்களுக்குப் பணம் அனுப்பினர். 2020-21ஆம் ஆண்டில் அத்தொகை 2,400 கோடி டாலரைக் கடந்தது. கடைகள் மீண்டும் திறக்கப்பட்டதும் வாணிகம் மீண்டது. 2018-19இல் 3,400 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி, 2021-22இல் 4,200 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது.

ஆயினும் இழந்தவை யாவும் மீண்டும் வந்துவிடவில்லை. 2020 மார்ச்சு 17ஆம் நாள் மூடப்பட்ட பள்ளிகள், 2021 செப்டம்பர் 12ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் நடத்தப்பட்டன. அக்கருவி இல்லாத ஏழைக் குடிசைகளில் அவை பயன்படவில்லை. சிறுவர் பலர் வேலைக்குச் சென்றனர். சிறுமியர் பலர்க்கு இளமையிலேயே மணம் முடிக்கப்பட்டது. விற்காத ஆடையை அடுத்த ஆண்டில் விற்றுவிடலாம். படிக்காமற் போன மாணவனுக்கோ அவ்வாண்டு திரும்புவதில்லை. அவனது குறைந்த கல்வி பிற்காலத்தில் நாட்டின் குறைந்த வருவாயாக வெளிப்படும்.

ஆதலின், வளர்ந்துவரும் நாடு ஒரே தொழிலை நம்பியிருத்தல் தகாது. வேலையற்ற காலத்தில் தொழிலாளரைக் காக்கும் நிதியை நற்காலத்திலேயே சேர்த்தல் வேண்டும். மருத்துவமனைகளைப் பெருக்குதலும், எத்தகைய இடரிலும் கல்வியை இடையறாது நடத்த வழி காணுதலும் வேண்டும். இவற்றிற்குச் செலவிடும் பொருள் வீண்செலவு அன்று. நாட்டின் நாளைய வளத்திற்கு இடும் வித்தாகும்.