ஹைட்ரோஸ்: சாயத்தொட்டிக்கு உரியது, வெல்லக் கொப்பரைக்கு ஆகாதது

நெசவாளரின் சாயப்பட்டறையிலும், கரும்பு விளைவிப்போரின் ஆலைக்கொட்டகையிலும் ஒரே பெயருடன் இடம் பிடித்துவிட்ட இரசாயனப் பொருள் ஒன்று உண்டு. பார்வைக்கு வெண்மையான தூள். முகர்ந்தால் எரிந்தணைந்த தீக்குச்சியின் நெடி. நூல்களில் இதனை சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்றும், சோடியம் டைதயோனைட் என்றும் கூறுவர். நம் பக்கத்துக் கடைவீதியில் ‘ஹைட்ரோஸ்’ என்றாலே போதும். பழகிய பெயராதலால் பழகிய சரக்கைப் போலவே பலர் இதனைக் கையாள்கின்றனர். அப்படிக் கையாளத் தக்கதன்று என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் இதன் பயனைக் காண்போம். சென்னிமலைப் படுக்கை விரிப்பாயினும், வேறெந்தப் பருத்தி ஆடையாயினும், துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் எளிதில் வெளிறாத சாயம் வேண்டுமென்றால் ‘வாட்’ சாயத்தையே நாடுகிறோம். நீலியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் வாட் சாயம் நீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் புகாது. காஸ்டிக் சோடா கலந்த நீரில் ஹைட்ரோஸைத் தூவினால், அது சாயத்திலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, சாயத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறது. நீலித்தொட்டி பசுமஞ்சள் நிறம் கொள்வது இதனாலேயே. அக்கரைசலில் தோய்ந்த சிட்டத்தை வெளியே எடுத்துக் காற்றாட விட்டால், சாயம் மீண்டும் பிராணவாயுவைப் பெற்று, நூலின் உள்ளேயே கரையாத பொருளாகத் தங்கிவிடுகிறது. சாயம் கெட்டியாக நிற்பதன் இரகசியம் இதுவே.

பிராணவாயுவின்மீது ஹைட்ரோஸுக்கு உள்ள இந்த வேட்கையே அதன் பயனுக்கும் அபாயத்துக்கும் காரணமாகும். தொட்டியில் நிறைய நீரில் கரைந்திருக்கும்போது அது நமக்குப் பணி செய்கிறது. டிரம்மில் தூளாக இருக்கும்போது சிறிதளவு ஈரம் பட்டால், அது சிதைந்து சூடேறத் தொடங்குகிறது. தூளின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் சேர்ந்தாலே தானாகத் தீப்பற்றும் அளவுக்கு வெப்பம் உண்டாகலாம். அதாவது, ஐந்து கிலோ ஹைட்ரோஸ் தீப்பற்ற அரை லிட்டர் நீர் போதும். கூரை ஓட்டின் விரிசல் வழியே ஓர் இரவு மழை சொட்டினால் இந்த அரை லிட்டர் தானே சேர்ந்துவிடும். தீக்குச்சியோ மின்பொறியோ வேண்டியதில்லை.

நீரின்றி வெறும் வெப்பத்தாலும் இது சிதையும். ஏறத்தாழ 90 பாகை சென்டிகிரேடில் சிதையத் தொடங்கும். 150 பாகையைக் கடந்தால் சிதைவு வேகம் கொள்ளும். அப்போது வெளிப்படும் கந்தக டையாக்சைடு என்னும் வாயு கண்ணை எரிக்கும், தொண்டையை அடைக்கும், ஆஸ்துமா உடையவர்க்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். காற்றைவிட இருமடங்குக்கு மேல் கனமானதாதலால் அது தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களிலும் தொட்டிகளிலும் தேங்கி நிற்கும். எனவே, நெடி அடிக்கும் குழிக்குள் எவரும் இறங்கலாகாது.

இப்பொருள் எத்தகைய பெருங்கேட்டை விளைவிக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு விபத்து சான்றாகும். 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தின் லோடை நகரிலிருந்த தொழிற்சாலை ஒன்றில், ஹைட்ரோஸும் அலுமினியத் தூளும் வேறு சிலவும் சேர்ந்த கலவை இயந்திரத்தினுள் சூடேறிப் புகைந்தது. அதனை வெளியேற்ற முயன்றுகொண்டிருந்தபோது கலவை வெடித்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். இயந்திரத்தினுள் நீர் புகுந்ததே காரணமாயிருக்கலாம் என அந்நாட்டு அரசின் விசாரணை முடிவு செய்தது. பயிற்சியும் கருவிகளும் உள்ள இடத்திலேயே இந்நிலை என்றால், ஓட்டுக் கூரையின் கீழ் இதனை வைத்திருக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்!

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது காண நேரும் குறைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. கையிருப்புப் பதிவேட்டில் ‘சாயச் சரக்கு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாம் அடங்கிவிடுகின்றன. டிரம் திறந்த நாள் குறிக்கப்படுவதில்லை. ஹைட்ரோஸ் டிரம்மின் அருகிலேயே பிளீச்சிங் பவுடர் மூட்டை கிடக்கிறது. அதன்மேல் அமிலக் கேன் அமர்ந்திருக்கிறது. கணக்கில் இவை வெறும் மூன்று வரிகள். ஆனால் பிளீச்சிங் பவுடர் பிராணவாயுவைக் கொடுப்பது. ஹைட்ரோஸ் அதனைப் பறிப்பது. இவை இரண்டும் கலந்தால் கடும் வெப்பமும் தீயும் எழும். அமிலம் ஹைட்ரோஸில் பட்டால் கந்தக டையாக்சைடும், பிளீச்சிங் பவுடரில் பட்டால் குளோரின் வாயுவும் வெளிப்படும். ஆகவே இம்மூன்றையும் தனித்தனி அறையில் வைத்தல் வேண்டும். அறை இல்லையேல் இடையே சுவராவது இருத்தல் வேண்டும்.

சாயப்பட்டறைகளிலும் கிடங்குகளிலும் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

1. ஹைட்ரோஸ் டிரம்மைத் தரையில் வைக்காது மரச்சட்டத்தின்மேல் வைக்க. கூரை ஒழுகாத இடமும் காற்றோட்டமும் அவசியம். ஐப்பசி மழைக்கு முன் ஓடுகளைச் சரிபார்த்தல் வேண்டும்.

2. எடுக்கும் கரண்டி உலர்ந்திருத்தல் வேண்டும். தொட்டியில் நனைந்த கரண்டியையும் ஈரக் கையையும் டிரம்முக்குள் விடுவது மிகப் பெரிய தவறு. எடுத்தவுடன் உள்ளுறையைக் கட்டி மூடியை இறுக்குக.

3. தொட்டியில் முதலில் நீர்; பின்னர் காஸ்டிக் சோடா; ஹைட்ரோஸ் கடைசியில், சிறிது சிறிதாகத் தூவப்பட வேண்டும். காஸ்டிக் சோடாவை நீரில் இடலாமேயன்றி, காஸ்டிக் சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் உதவாது. காஸ்டிக் சோடா அதனை அரித்து எரியும் வாயுவை எழுப்பும்.

4. கண்ணாடி, ரப்பர்க் கையுறை, முழங்கால் வரை மறைக்கும் ரப்பர் மேலாடை ஆகியவை தொழிற்கருவிகளே, ஆடம்பரம் அல்ல. சங்கமே வாங்கித் தருதல் முறை.

5. கீழே சிந்திய தூளை உலர்ந்த தட்டில் வாரி, நிறைய நீருள்ள தொட்டியில் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுக. மீண்டும் டிரம்மில் இடவோ, பஞ்சுக் கழிவும் மரத்தூளும் உள்ள குப்பையில் சேர்க்கவோ கூடாது.

6. கட்டி தட்டிய சரக்கு வீரியம் இழந்தது. அது சாயத்துக்கும் பயன்படாது; டிரம் சூடாக இருந்தால் அபாயமும் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தீப்பற்றினால் செய்ய வேண்டுவது யாது? இங்கே நமது வழக்கமான அறிவு நம்மை ஏமாற்றிவிடும். ஒரு குடம் நீரை ஊற்றினால் தீ வளரும். மணலால் மூடினாலும் பயனில்லை. ஹைட்ரோஸ் சிதைந்து எரிவதற்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. குழாய் மூலம், எட்ட நின்று, வெள்ளமாக நீர் பாய்ச்சினால் மட்டுமே வெப்பம் தணிந்து சிதைவு நிற்கும். அதற்கு வசதியில்லாத இடத்தில் எல்லோரும் காற்று வரும் திசை நோக்கி வெளியேறி, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைத்து, ‘எரிவது ஹைட்ரோஸ்’ என்று பெயரைச் சொல்ல வேண்டும். எவரும் டிரம்மை மீட்க உள்ளே செல்லலாகாது.

புகையைச் சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, சாய்ந்து அமரச் செய்து, தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க. தூளோ காஸ்டிக் நீரோ கண்ணில் பட்டால், இமையை விரித்துப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவிய பின்னரே வண்டி ஏற்றுக. விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. டிரம்மின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுக.

சாயம் தோய்த்து எஞ்சிய நீரும் கவனத்துக்குரியது. அதிலுள்ள ஹைட்ரோஸ் ஆற்று நீரின் பிராணவாயுவையும் பறித்துக்கொள்ளும், மீன்கள் மடியும். சாயக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. அமராவதிக் கரையில் வாழும் நாம் அப்பாடத்தை மீண்டும் கற்க வேண்டியதில்லை.

இனி விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பஞ்சாற்றில் ஹைட்ரோஸைத் தூவினால் கருமை நீங்கி வெல்லம் வெளுக்கிறது. வெளுத்த வெல்லத்துக்குச் சந்தையில் விலை கூடுகிறது. குறைந்த விலைக்கு விற்க நேரும் என்ற அச்சமே பலரை இதில் ஈடுபடுத்துகிறது என்பதை நாம் உணர்கிறோம். ஆயினும் இது ஆலைச் சரக்கு, உண்பதற்கென ஆக்கப்பட்டதன்று. வெல்லத்தில் கந்தக டையாக்சைடு கிலோ ஒன்றுக்கு 70 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கொப்பரையில் கைப்பிடியால் அள்ளித் தூவுவோர்க்கு அந்த அளவு எங்ஙனம் தெரியும்? மேலும் கொப்பரையிலிருந்து எழும் ஆவியைச் சுவாசிப்பவர் பாகு கிண்டுபவரே. அந்த வெளுப்பும் நிலைப்பதில்லை. காற்றுப் பட்டு இருப்பில் கிடக்கக் கிடக்க வெல்லம் மீண்டும் கருக்கும். வெண்டைத் தண்டின் கொழகொழத்த சாற்றாலும், அளவான சுண்ணாம்பாலும் அழுக்கெடுத்துப் பொன்னிறமாய்க் காய்ச்சிய வெல்லமே நம் முன்னோர் விற்றது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடிச் சந்தையின் பெயரும் வெளுப்பால் வந்ததன்று.

நெசவாளர் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைட்ரோஸுக்குப் பதிவேட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வந்த நாள், திறந்த நாள், கொடுத்த எடை, பெற்றவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். சாயப்பட்டறைக்கன்றி வேறெதற்கும் ஒரு கிலோவேனும் கொடாதீர்கள். இந்த நான்கு கட்டங்களை நிரப்ப ஒரு நிமிடம் ஆகும். தொட்டியருகே நிற்பவரின் கண்ணும், வெல்லம் உண்ணும் குழந்தையின் நலமும் அந்த ஒரு நிமிடத்தால் காக்கப்படும்.