மூங்கில் எலியில் கண்ட பூஞ்சை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு, கழுத்தில் நெறிகட்டி. முதலில் எல்லோருக்கும் டி.பி.தான் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அவர் வியட்நாம், வடக்குத் தாய்லாந்து, தென்சீனம், அல்லது மோரேயில் நம் தமிழர் வாழ்கிறார்களே, அந்த மணிப்பூர்ப் பக்கம் இருந்தவர் என்றால் இன்னொரு பெயரையும் நினைக்க வேண்டும்: டாலரோமைசிஸ் மார்னெஃபி.

1956இல் வியட்நாமின் தலாத் நகரில், பாஸ்டர் ஆய்வகத்தில் இறந்த ஒரு மூங்கில் எலியின் ஈரலில் கிடைத்த பூஞ்சை இது. இதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் செக்ரெத்தேன் தவறுதலாகத் தன் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார்; மனிதரையும் தாக்கும் என்று அவர் உடம்பே காட்டியது. பிறகு நெடுநாள் அதிகம் பேச்சில்லை. எய்ட்ஸ் வந்த பின் 1990களில், வடக்குத் தாய்லாந்தின் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் டி.பி., கிரிப்டோகாக்கஸ் இரண்டுக்கும் அடுத்த தொற்றாக இது வளர்ந்துவிட்டது.

எலி கடித்தா வருகிறது? இல்லை. காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துகளை மூச்சோடு இழுப்பதால்தான் என்று கருதுகிறார்கள். மழைக்காலத்தில் நோயாளிகள் கூடுகிறார்கள். 25 டிகிரியில் ரொட்டிப் பூசணம் போல இழையிழையாக வளரும் இது, நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் ஈஸ்டாக உருமாறி, நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறுகிறது. சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியவர்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது.

முகத்திலும் கழுத்திலும் நடுவில் குழி விழுந்த சின்னச் சின்னப் பருக்கள் தெரிந்தால் அதுதான் பெரிய தடயம். ஒன்றைச் சுரண்டிச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நடுவே குறுக்குச் சுவர் ஓடும் ஈஸ்ட் அன்றைக்கே தெரியக்கூடும். ரத்தத்திலிருந்து வளர்த்துப் பார்க்க நாள் கணக்காகும். ஆனால் பரு எல்லோருக்கும் வருவதில்லை. வராதவர்கள்தான் டி.பி. மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், பின்னால் கொடுக்க வேண்டிய பூஞ்சை மருந்தான இட்ராகொனசோலின் வேலையையும் கெடுத்துவிடும்.

எந்த மருந்து? வியட்நாமில் 440 நோயாளிகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு பாதிப் பேருக்கு ஆம்போடெரிசின் ஊசி, மறுபாதிக்கு இட்ராகொனசோல் மாத்திரை. இரண்டு வாரத்தில் பார்த்தால் இறப்பில் பெரிய வித்தியாசமே இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் மாத்திரை போதும் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். 24 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள்: ஊசி போட்டவர்களில் 11 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 21 சதவீதம் இறந்திருந்தார்கள். ஊசி குளிர்நடுக்கம் தரும், சிறுநீரகத்தைச் சோதிக்கும், படுக்கை வேண்டும். அத்தனையும் உண்மை. இருந்தாலும் மாத்திரை மலிவு, எளிது என்பதற்காக அதிலேயே தொடங்குவதை நியாயப்படுத்த முடியாது.

இரண்டு வாரம் ஊசி, அடுத்த 10 வாரம் இட்ராகொனசோல், பிறகு குறைந்த அளவில் அதே மாத்திரை. கூடவே எச்.ஐ.வி. சிகிச்சை. சி.டி.4 எண்ணிக்கை 100ஐத் தாண்டி ஆறு மாதம் அப்படியே நின்றால் பூஞ்சை மாத்திரையை நிறுத்திவிடலாம், எச்.ஐ.வி. மாத்திரை மட்டும் தொடரும்.