'மெஜஸ்டிக்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது நம் பேனா முனையில் ஓடிவந்து நிற்கும் சொற்களுள் ஒன்று 'மெஜஸ்டிக்'. மலையும் மெஜஸ்டிக், யானையும் மெஜஸ்டிக், ஜவுளிக்கடை விளம்பரத்தில் பட்டுப்புடவையும் மெஜஸ்டிக்! இச்சொல்லின் உண்மைப் பொருள் யாது? இதனை எங்கே வழங்கலாம்? சிறிது ஆராய்வோம்.

'மெஜஸ்டிக்' என்பது பெயர்ச்சொல்லைச் சிறப்பிக்கும் அடைமொழி. பெருமையும் கண்ணியமும் ஒருங்கே அமைந்த தோற்றத்தை அது குறிக்கும். இலத்தீன் மொழியில் 'மாயோர்' என்றால் 'மேலும் பெரிய' என்பது பொருள். அதனோடு உறவுடைய 'மாயெஸ்தாஸ்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'மெஜஸ்டி' ஆயிற்று. வெலிங்டன் இராணுவ முகாமில் நாம் காணும் 'மேஜர்', மாநகராட்சியின் 'மேயர்' ஆகிய இரண்டும் 'மாயோர்' என்னும் அதே வேரில் கிளைத்தவை. அரசர்களை 'மெஜஸ்டி' என அழைப்பதைத் தமிழில் 'மாட்சிமை தங்கிய' என்று வழங்கினர்.

ஆயினும் பெரியவை யாவும் மெஜஸ்டிக் ஆகிவிடா. பெரிய பூசணிக்காயை 'ஹியூஜ்' எனலாம். மெஜஸ்டிக் என்றால் கேட்பவர் சிரிப்பர். நம் தொட்டபெட்டாவின் பெயருக்குப் 'பெரிய மலை' என்றுதான் பொருள். அதன் உயரம் 2,637 மீட்டர் என்பது அளவு. மூடுபனி விலகியதும் காற்றுக்கும் மழைக்கும் அசையாது அது நிற்கும் நிலையைக் கண்டு மனம் தானே பணிகிறதே, அப்போது சொல்லத்தக்கது மெஜஸ்டிக்.

இதற்கு உறவுச்சொற்களும் உண்டு. திருமண வீட்டின் அலங்காரத்தைக் 'கிராண்ட்' என்கிறோம். அதில் ஆடம்பரம் கலந்திருக்கும். 'ஸ்டேட்லி' என்பது அமைதியான, நிதானமான கம்பீரம். 'லி' என முடிவதால் இதனை வினையைச் சிறப்பிக்கும் சொல் என மயங்கலாகாது. இதுவும் பெயரையே சிறப்பிக்கும். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட உதகை புனித ஸ்தேவான் ஆலயமும், பூத்துக்குளி போர்த்து நிமிர்ந்து நடந்துவரும் தோடர் இனப் பாட்டியும் 'ஸ்டேட்லி' என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

தமிழில் இதற்கு இணையாக நாம் சொல்லும் 'கம்பீரம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் முதற்பொருள் 'ஆழம்'. ஆங்கிலச் சொல் அளவிலிருந்து பிறக்க, இச்சொல் ஆழத்திலிருந்து பிறந்தது வியப்பன்றோ! 'பெருமிதம்' என்னும் சொல்லோ இன்னும் சிறந்தது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனைக் கூறும் தொல்காப்பியர், அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கினால் பிறக்கும் என்கிறார். உருவமோ செல்வமோ அப்பட்டியலில் இல்லை. கல்வியே முதலில் நிற்கிறது!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஏறிவரும் நம் மலை இரயில் சிறியது; வேகமும் குறைவு. ஆனால் பல்சக்கரத்தின் துணையால், பின்னின்று என்ஜின் தள்ள, செங்குத்தான மலையில் அது மேலேறும் காட்சி மெஜஸ்டிக் அன்றோ? 2005இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இங்கே ஒன்றைக் கவனித்தோம். நாம் எழுதும் கட்டுரைகளில் அரசனுக்கும் சிங்கத்துக்கும் மெஜஸ்டிக் என்று எழுதுகிறோம். பெண்களைப் பற்றி எழுதும்போதோ 'அழகிய', 'மென்மையான' என்பவற்றோடு நின்றுவிடுகிறோம். தொல்காப்பியர் கூறிய நான்கும் ஆணுக்கு மட்டும் உரியவையா? அன்னை தெரசா உருவத்தில் சிறியவர்; உடுத்தியது நீலக்கரையிட்ட எளிய வெள்ளைச் சேலை. 1979இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அவர், 2016இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர்தம் அஞ்சாமையும் கொடையும் மெஜஸ்டிக் அல்லவென்று யார் சொல்வார்? நம் ஆண்டவரும் கழுதைக்குட்டியின்மேல் அமர்ந்தே அரசராக எருசலேமுக்குள் நுழைந்தார் என்பதைக் குருத்து ஞாயிறுதோறும் நினைவுகூர்கிறோம்.

ஆகவே தோழியரே, இச்சொல்லைக் கண்டவற்றுக்கெல்லாம் வாரி வழங்காமல் தகுதியுடையவற்றுக்கே வழங்குவோம். அதற்குத் தகுதியுடையோராக நாமும் கற்போம், அஞ்சாது நிற்போம், பிறர்க்குக் கொடுத்து வாழ்வோம்.